ரொட்டி கொசோங்குக்கு என்ன நம்பர்?

உலகத்தில் நோயாளிகள் உண்டு, டாக்டர்கள் உண்டு, இருவருக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. அதற்கு நம்பர்சாமி என்று பேர் வைத்திருக்கிறேன். உங்கள் கை வாய்க்குப் போகும் வழியில் மறித்து எண் சொல்லுகிறவர் அவர்தான்.

பினாங்குத் தீவில் எங்கள் சுங்கை பினாங் பிளாட்டின் நம்பர்சாமி, பக்கிரிசாமி. தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போய்வரும் குமாஸ்தா. எந்தச் சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று எண் போட்ட கிளைசெமிக் இண்டெக்ஸ் பட்டியல் ஒன்று தொண்ணூற்றேழில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது. அதைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப் பையில் செருகி, ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்தவரை 'தர்ப்பூசணி எழுபத்திரண்டு' என்று பயமுறுத்தி, தண்ணீர்மலை முருகன் கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடித்தவரிடமே அரிசியின் குலம் கோத்திரம் விசாரித்து வரிசையை நிறுத்திவைத்த மனிதர். அவர் மட்டும் என்ன தின்றார்? நிலக்கடலை. எண் பதினாலுதானே என்று ஒரு டின்னை ஒரே மூச்சில் காலி செய்வார். எவ்வளவு தின்கிறோம் என்பதற்கு அவர் பட்டியலில் இடம் கிடையாது.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மேல்மாடி ஜெயலெட்சுமிக்குச் சர்க்கரை. கால் விரலில் ஆறாத புண். ஒரு கரண்டி சோறு, நிறையக் கீரை, சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் படிக்கட்டில் நம்பர்சாமியைக் கேட்டாள்.

"அண்ணே, காலைல ரொட்டி சானாய் சாப்பிடலாமா? லிஸ்ட்ல என்ன நம்பர்?"

வெள்ளைக்காரன் பட்டியலில் எங்கள் ஊர் மைதா பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஏது இடம்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் மட்டும் நம்பர்சாமிகளின் வாயில் வராது. முட்டை, வெங்காயம் எதுவும் போடாத வெறும் ரொட்டியை இங்கே ரொட்டி கொசோங் என்போம். மலாயில் கொசோங் என்றால் வெறுமை. பூஜ்யத்துக்கும் அதே பேர்தான்.

"முட்ட போட்டது வேணாம்மா. ரொட்டி கொசோங் சாப்டு. பேர்லயே இருக்குலா, சைபர்."

"எத்தன சாப்பிடலாம்ணே?"

"சைபர எத்தனையால பெருக்கினாலும் சைபர்தான."

தினமும் மூன்று சாப்பிட்டாள், ஒரு மாதம். விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நம்பர்சாமியும் வந்தார், பட்டியலோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லிஸ்ட்ல இல்லாதத யாரும்மா இவ்ளோ சாப்பிடச் சொன்னா?" என்றார்.

ஜெயலெட்சுமி கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள். "அத விடுங்கண்ணே. என் நம்பர் எழுதிக்குங்க. பத்து இருந்துச்சு, இப்ப ஒம்போது."

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்கள். நல்லது. ரொட்டி கொசோங்குக்குப் பதில் அவள் என்ன சாப்பிட்டிருக்கலாம் என்று உங்கள் நாக்கு நுனியில் இந்நேரம் ஒரு பதில் வந்து நிற்கிறதே, அது எந்த டாக்டர் சொன்னது?