உணவு இருப்பு, ஓர் உருப்படி

ஒரு காட்டில், அதுவும் படிவம் நிரப்பாமல் இலைகூட உதிரக் கூடாது என்று சட்டம் போட்ட காட்டில், பொன்னுத்தாயி என்றொரு கீரி இருந்தாள். அவளுக்கு ஒரே ஆசைதான். ஒரு நாளாவது யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்.

மூன்று வருடமாக அவள் தூக்கத்தைக் கெடுத்தவர் நல்லமுத்து என்கிற கிழட்டு நாகப்பாம்பு. புற்றின்மேல் இருவரும் சண்டை போட்டதில் உருண்டு விழுந்து அவருக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. பாம்புக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், ஒடிந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கதையை முடித்துவிடலாம் என்று பொன்னுத்தாயி பாய்ந்தபோது அவர் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். குடிக்கட்டும், அப்புறம் கடிக்கலாம் என்று கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் அவருக்குக் காய்ச்சல். பிறகு சட்டை உரிக்க முடியவில்லை என்றார், பக்குவமாக உரித்துவிட்டாள். இப்படி ஒன்று மாற்றி ஒன்று வந்து, கடிக்க நேரமே கிடைக்கவில்லை.

இந்தச் சமயத்தில் சிங்கராஜா பராமரிப்பின் அறம் பற்றி மூன்று நாள் மாநாடு நடத்தினார். நோயாளிகளையும் குட்டிகளையும் யார் தலையிலாவது கட்டிவிட்டு வர முடிந்தவர்கள் எல்லாரும் வந்து உருக்கமாகப் பேசினார்கள். பொன்னுத்தாயியால் போக முடியவில்லை. பராமரிப்போருக்கு மாதம் ஒரு நாள் ஓய்வு, அன்றைக்கு அரசாங்கமே மாற்றாள் அனுப்பும் என்று முடிவானது.

அவள் ஓடிப்போய் வரிசையில் நின்றாள். எழுத்தர் ஓர் உடும்பு, பிடித்தால் விடாத ஆசாமி. படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் அம்மா, அப்பா, துணை, பிள்ளை என்று நான்குதான் இருந்தது.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றது உடும்பு.

"பரம்பரைப் பகைங்க."

உடும்பு விதிப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டியது. "பகையாளியை வீட்டுல வச்சிருந்தா அதுக்குப் பேரு பராமரிப்பு இல்லம்மா, உணவு இருப்பு. அடுத்த ஜன்னலுக்குப் போங்க."

அடுத்த ஜன்னலிலும் அதே உடும்புதான் நகர்ந்து வந்து உட்கார்ந்தது. உணவு இருப்பு வைத்திருப்போருக்கும் ஓய்வு நாள் உண்டாம். உணவின் சம்மதம் மட்டும் வேண்டுமாம்.

படிவத்தை வீட்டில் நீட்டும்போது பொன்னுத்தாயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லமுத்து மறுபேச்சுப் பேசாமல் பல்லைப் பதித்துக் கொடுத்தார். "போடு தாயி. ஒண்ணுக்கும் உதவாமத்தானே கெடக்கேன், உணவாவாவது இருந்துட்டுப் போறேன்."

திங்கட்கிழமை காலையில் மாற்றாளாக ஒரு மயில் வந்து நின்றது. மயில் பாம்பைத் தின்னும் என்பது பொன்னுத்தாயிக்குத் தெரியாததல்ல. ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே படுத்தாள். மூன்று வருடத் தூக்கம் அந்தக் கண்ணையும் மூடிவிட்டது.

மயில் அலகைத் தீட்டிக்கொண்டு கிட்டே வந்தது. நல்லமுத்து நகர முடியாமல் தலையை மட்டும் தூக்கினார்.

"தின்னுறதா இருந்தா சத்தம் போடாமத் தின்னு. அவ இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

மயிலுக்கு என்னவோ போலாகிவிட்டது. அவள் முகத்தில் வெயில் விழுவதைப் பார்த்து, தோகையை விரித்து மறைத்தது. அசைந்தால் விழித்துவிடுவாளே என்று பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் நின்றது. பொன்னுத்தாயி எழுந்து சோம்பல் முறித்தபோது மயிலின் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டு மடங்க மறுத்தன. பெருமூச்சு விட்டபடி எண்ணெய் எடுக்கப் போனாள்.

அடுத்த மாதம் ஜன்னலில் உடும்பு கேட்டது, இருப்பில் எத்தனை உருப்படி என்று.

"ரெண்டுங்க" என்றாள் பொன்னுத்தாயி.

நீதி: எதிரியைக் கடிப்பதென்றால் அவனுக்குத் தாகம் எடுப்பதற்குள் கடித்துவிடுங்கள். அப்புறம் உங்களுக்கு நேரம் கிடைக்காது.