காரில் அசையாமல் உட்கார ஐம்பத்தெட்டு கிலோ தேவை

பழநியாண்டவர் துணை

ஒட்டன்சத்திரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய கீரனூர் மச்சான் சங்கிலி அவர்களுக்கு, தங்கள் தங்கை புவனேஸ்வரியின் கணவனும் காய்கறிக் கமிஷன் கடைக்காரனுமாகிய பாண்டியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் கத்திரித் தோட்டமும் சுகமாக இருக்க வேண்டும். நமக்குள் ஆறு மாதமாகப் பேச்சு இல்லாததால் போன் செய்யவில்லை. கடிதம் எழுதினால் பேசியதாக ஆகாது என்று புவனேஸ்வரியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு முன் தாங்கள் சந்தையில் நாலு பேர் பார்க்க, என் கடைத் தராசு மூட்டைக்கு இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறது என்று சொன்னது தவறு. கீரனூரிலிருந்து வரும் வழியில் வெயில் பட்டு ஈரம் காய்ந்தால் கத்திரிக்காய் எடை குறையத்தான் செய்யும். அந்த வாரம்தான் லாரியில் ஏற்றும்போது தராசு கைதவறிக் கீழே விழுந்தது என்பது உண்மை, ஆனால் ஒரு கீறல்கூட இல்லை. அதில் தினமும் ஏறிப் பார்த்துத்தான் நான் நடைப்பயிற்சியே செய்துவருகிறேன். நடக்க ஆரம்பித்த மறுநாளே மூன்றரைக் கிலோ குறைந்துவிட்டது, டாக்டரே நம்பவில்லை. எனவே தாங்கள் அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டால் விஷயத்துக்கு வரலாம். வாங்காவிட்டாலும் வந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

தங்கள் மருமகளும் எங்கள் மகளுமாகிய ஜீவிதா, கோயம்புத்தூர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றரை வருடமாகப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை டெம்போவில் ஏற்றி நம் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். அவள் ஓட்டப்போகும் முதல் பந்தயம். அதற்கு முன் நாலு சக்கரத்தையும் நாலு தராசில் நிறுத்தி எடை பார்க்க வேண்டுமாம். அந்த வசதி பட்டறையில் இல்லை, நம் சந்தையில் தராசுக்கா பஞ்சம்? விஷயம் என்னவென்றால் மச்சான், கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைத்தால் அந்தக் காலிலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலைக் காலிலும் பாரம் ஏறி, மற்ற இரண்டும் ஆடும் இல்லையா? காரும் அப்படித்தானாம். முன் இடதும் பின் வலதும் ஒரு ஜோடி, முன் வலதும் பின் இடதும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடியும் சம எடை காட்டும்வரை சக்கரத்து ஸ்பிரிங்கைத் திருகி ஏற்றி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஒழுங்காகத் திரும்பும் வண்டி மறுபக்கம் திரும்பாதாம்.

பக்கத்துக் கடை சௌகத் அலி பாயிடம் மூன்று தராசு இரவல் வாங்கினோம். நான்காவது என்னுடையது. அதை முன்பக்கம்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னதால் முன் இடது சக்கரத்துக்குக் கிடைத்தது. ஓட்டுபவர் எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் ஜீவிதா கீழே உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கிறாள். அதனால் அவள் எடைக்கு ஐம்பத்தெட்டு கிலோ வெங்காயத்தை மூட்டை கட்டி சீட்டில் வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். எடை பார்க்கும் முன் காரை நாலு அமுக்கு அமுக்க வேண்டுமாம், அமுக்கினாள், மூட்டை சாய்ந்தது, வாய் அவிழ்ந்தது, வெங்காயம் பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பொறுக்கிக் கட்டி மறுபடி வைத்தோம். என் தராசு மட்டும் எடை குறைவாகவே காட்ட, அவள் அந்த ஸ்பிரிங்கைத் திருகித் திருகி ஒருவழியாகச் சமமாக்கினாள். சந்தை மைதானத்தில் ஓட்டிப் பார்த்தால், இடது பக்கம் நன்றாகத் திரும்பிய கார் வலது பக்கம் திரும்பச் சொன்னால் கேட்காமல் நேராகப் போய் முட்டைக்கோஸ் கழிவுக் குவியலில் நுழைந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை.

தரை சரியில்லை என்றேன். கல் போட்டு ரசமட்டம் வைத்துக் காட்டினாள். டயரில் காற்று என்றேன். அளந்து காட்டினாள். பிறகு என் தராசை எடுத்து முன் வலது சக்கரத்துக்கு மாற்றினாள். உடனே அங்கே எடை குறைந்தது.

"அப்பா, காரு அதே காருதான். ஒங்க தராசு எங்க போகுதோ அங்கதான் எடை கொறையுது" என்றாள்.

சௌகத் அலி பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் எங்கோ கோளாறு என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

இப்போது தங்களால் ஆகவேண்டிய காரியம். வெங்காயம் உட்காராது, ஆள்தான் வேண்டும். ஐம்பத்தெட்டு கிலோ உள்ளவர் நம் சொந்தத்தில் தாங்கள் ஒருவரே. மேலும் எங்கள் கல்யாணத்தில் மாலை தரவில்லை என்று கோபித்துக்கொண்டு நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தவர். "மாமா வந்து உக்காந்தாத்தான் கார மறுபடி தராசுல ஏத்துவேன், அவுகள நீங்கதான் கூப்புடணும்" என்று ஜீவிதா ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆகவே சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை வந்து சேரவும். அக்காவுக்கு என் வணக்கம். தோட்டத்தில் பூச்சி அண்டாமல் காய் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
மு. பாண்டியராஜ்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை வாங்க பாய் கடைக்குப் போனேன். அவர் உள்ளே போன சமயம் பார்த்து அவர் தராசில் ஏறினேன். எண்பத்தெட்டு. என் கடைக்கு வந்து ஏறினேன். எண்பத்து நாலரை. ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். நாற்பத்தெட்டு. மச்சான், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். சந்தையில் நாலு பேர் முன்னால் நீங்கள் சொன்னதுதான் சரி, அதே நாலு பேர் முன்னால் நானும் சொல்லப்போகிறேன். காய் போடும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதமாக உங்கள் கத்திரிக்காயும் என் தொப்பையும் ஒரே இடத்தில்தான் குறைந்திருக்கின்றன. எதையும் திரும்ப வாங்க வேண்டாம், வந்தால் போதும். ஒன்றே ஒன்று: வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் வாருங்கள். காரை விட்டு இறங்கும்வரை இங்கேயும் இலை போடமாட்டோம். ஐம்பத்தெட்டுக்கு மேல் ஒரு இட்லி ஏறினாலும் பிள்ளை மறுபடி முட்டைக்கோஸுக்குள் போய்விடுவாள்.