அஜந்தன் மோந்த ரோஜாக்கள்

கடைசிச் செடியிடம் வந்து சேர்ந்தபோது அஜந்தனுக்குத் தலை சுற்றியது. விடிந்ததிலிருந்து ஒவ்வொரு பூவாக மோந்துகொண்டு வருகிறான். மூக்கை இதழ்களுக்குள் புதைக்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். தோள் உயரும்வரை மூச்சை இழுத்து, பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்குக் கேட்கும்படி "ஆஹா" என்று விட வேண்டும். அந்த "ஆஹா"தான் முக்கியம்.

"என்ன தம்பி, பூவுக்குக் காய்ச்சலா?" பக்கத்து வீட்டு இராக்கம்மா வேலியோரம் வந்து நின்றாள். இடுப்பில் குடம். மறு கையில் ஒரு சின்னக் கூடை, இன்னும் காலியாக.

"வாசம் பிடிக்கிறேன் அத்த."

"எல்லாத்தையுமா?"

"மொட்டக்கூட விடல."

இராக்கம்மா கூடையைப் பார்த்தாள், செடிகளைப் பார்த்தாள், பிறகு அஜந்தனின் மூக்கைப் பார்த்தாள். அந்த மூக்கு ஒரு பூட்டாகத் தொங்குவது அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் யார் வீட்டுப் பூவும் அவரவருடையது இல்லை. அம்மனுக்குப் பறிப்பது திருட்டில் சேராது. சொல்லப்போனால் கேட்டுவிட்டுப் பறிப்பதுதான் தப்பு. கேட்டால் அந்த வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லக்கூடும், சொன்னால் பாவம் அவரைச் சேரும். ஆகையால் அடுத்தவர் நன்மைக்காகவே எல்லோரும் கேட்காமல் பறித்தார்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. மனிதன் மோந்த பூ அம்மனுக்கு ஆகாது.

அஜந்தனின் ரோஜாக்கள் சாதாரண ரோஜாக்களும் அல்ல. வெலிமடைப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வேலை செய்தபோது, அங்கே வெட்டிப் போட்ட கிளைகளைக் கேட்டு வாங்கி வந்து, லயத்துக்குப் பின்னால் பொலித்தீன் கூரை போட்டு வளர்த்தவை. நெஞ்சளவு உயரத்தில் புதராக அகன்று நிற்கும் இனம். தண்டு நீளமாக, நிமிர்ந்து, முள் குறைவாக வரும். மொட்டு கருஞ்சிவப்பாக இறுகியிருக்கும். விரிய விரிய வெளுத்து, இளஞ்சிவப்புக் கிண்ணமாகி, உள்ளே எண்ண முடியாத இதழ்களைக் காட்டும். இலைகளில் பளபளப்பு இருக்கும், கரும்புள்ளி அண்டாது. வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் தாண்டியும் நேற்று வந்த விருந்தாளி போல முகம் சுளிக்காமல் இருக்கும். ஒரு குறையும் இருந்தது. அதை அஜந்தன் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதுளையிலிருந்து பூக்கடை ஷுக்ரி முதலாளி வருவதாக இருந்தது.

"பெரிய எடத்து ஆர்டர் ஒண்டு மகன்," என்று போனில் சொல்லியிருந்தார். "அதுக்குச் சரியா குடுத்தீங்கண்டா பொறகு வாரா வாரம் நானே வந்து எடுக்கிறன்."

"எந்த எடம் முதலாளி?"

"அத மட்டும் கேக்க வாணாம். சொன்னா நீங்க நேரா கொண்டு போய்க் குடுத்துருவீங்க."

எல்லதான், என்று அஜந்தன் முடிவு செய்தான். வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்லயில் மலைச்சரிவைப் பார்த்துக் கட்டிய ஏதோ ஒரு பெரிய ஹோட்டல். கண்ணாடிச் சுவர், வெள்ளை மேசைவிரிப்பு, நடுவில் அவனுடைய ரோஜா. தனியாக வந்த ஒரு வெளிநாட்டுக்காரி புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அந்தப் பூவையே நெடுநேரம் பார்ப்பாள். ஏன் பார்ப்பாள் என்பது அவனுக்கே தெரியாது. ஆனால் பார்ப்பாள்.

முதலாளிக்குப் பூ பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் மாமாவோடு கொழும்புக்குப் போக வேண்டும். மருதானையில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட ஆள் தேவையாம். அம்மா ஏற்கெனவே பையில் அவனுடைய உடுப்புகளை அடுக்கி வைத்துவிட்டாள். நாள் முழுக்க இரண்டு தகடுகளால் கல்லில் தட்டிக்கொண்டிருக்கும் தன்னை நினைத்தாலே அஜந்தனுக்குக் காது அடைத்தது.

அன்று அம்மனுக்கு ஒரு பூகூடப் போகவில்லை. அஜந்தன் தன் மூக்கைப் பெருமையோடு தடவிக்கொண்டான்.

மறுநாள் காலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பெண்களின் கொண்டைகளில் எல்லாம் இளஞ்சிவப்பு ரோஜா.

"என்ன அத்த இது?"

"நீதான் மோந்துட்டியேப்பா," என்றாள் இராக்கம்மா, கொண்டையைத் தொட்டபடி. "அம்மனுக்கு ஆகாது. எனக்கு ஆகும். சும்மா செடியில காஞ்சு போகுதேன்னு எடுத்தோம்."

அதிலும் கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள். பூவை மட்டும் கழுத்தோடு கிள்ளியிருந்தன. அஜந்தன் பாடுபட்டு வளர்த்த நீளத் தண்டுகள், தலை எரிந்த தீக்குச்சிகளாகச் செடியிலேயே நின்றன.

அவன் யோசித்தான். யோசனை வேகமாக வந்தது. அதுதான் அவனுடைய வாழ்க்கையின் பெரிய துரதிர்ஷ்டம்.

"அத்த, மருந்து அடிச்ச பூ அது. தலையில வைக்காதீங்க."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டையிலிருந்து பூவை உருவி எறிந்தார்கள். அஜந்தனுக்கு நிம்மதியாக இருந்தது, இராக்கம்மா வாயைத் திறக்கும்வரை.

"மருந்து அடிச்ச பூவையா நேத்து அம்புட்டு நேரம் மோந்த?"

செய்தி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் வாசலை மிதிக்கும்போது அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"கொழும்புக்குப் போக இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுதானே. மருந்தக் குடிக்கணுமா?"

"யாரு குடிச்சா? மோந்தேம்மா."

"மோந்தா என்ன, குடிச்சா என்ன, உள்ளதானே போகுது."

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள். லயமே பின்னால் வந்தது. டாக்டர் ஐயா அவன் கண்ணிமையை விரித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"என்ன மருந்து அடிச்ச? பேரச் சொல்லு. பேரு தெரியாம நான் ஒண்ணும் குடுக்க முடியாது."

அஜந்தனுக்கு எந்தப் பேரும் வாயில் வரவில்லை. மேசையில் பெரிய குழாய் ஒன்றும் ஒரு வாளியும் இருந்தன. அவை எதற்கு என்று கேட்காமலேயே அவனுக்கு விளங்கியது.

"வேப்பெண்ணெங்க ஐயா," என்றான்.

"வேப்பெண்ணெயா? அதுக்கா இந்தக் கூட்டம்?"

கதவோரம் நின்ற இராக்கம்மாவின் முகம் மலர்ந்தது. "வேப்பெண்ணெதானா? பேனுக்கு நல்லதாச்சே."

அன்று மாலை, காலையில் இருந்ததைவிட அதிகமான கொண்டைகளில் ரோஜா இருந்தது. கொண்டை போடும் பழக்கமே இல்லாத வயதான பெண் ஒருத்திகூடக் காதுக்குப் பக்கத்தில் ஒன்றைச் செருகியிருந்தாள்.

மீதி இருந்தவை பெரும்பாலும் மொட்டுகள். வெள்ளிக்கிழமைக்கு மிகச் சரியாக விரியும். அவற்றையாவது காப்பாற்ற வேண்டும். அஜந்தன் வேலி ஓரமாகப் பாயைப் போட்டு உட்கார்ந்தான். வியாழக்கிழமை காலை இராக்கம்மா கையை நீட்டியபோது அவன் எழுந்து குறுக்கே நின்றான்.

"தொடாதீங்க அத்த. இது அம்மனுக்கு நேர்ந்து விட்ட செடி."

கை அந்தரத்தில் நின்றது.

"எப்ப நேர்ந்த?"

"நட்ட அன்னைக்கே."

"இத்தன நாளா சொல்லவே இல்ல?"

"வேண்டுதல வெளியில சொல்லலாமா?"

அது நல்ல பதில். இராக்கம்மா கொண்டையிலிருந்த பூவை மெதுவாக எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், செடியடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். அஜந்தன் ஜெயித்துவிட்டான். மூக்காலும் மருந்தாலும் முடியாததை ஒரு வாக்கியம் செய்துவிட்டது.

இராக்கம்மா திரும்பி வந்தாள்.

"ஏன் தம்பி, அம்மனுக்கு நேர்ந்த பூவையா ஒண்ணு விடாம மோந்த?"

வெள்ளிக்கிழமை காலை லயத்துப் பின்பக்கம் கோயில் வாசல் போல இருந்தது. பூசாரி வீரய்யா குளித்து, திருநீறு பூசி, வெற்றிலையில் கற்பூரத்தோடு வந்து நின்றார். கோயில் கமிட்டிக்காரர்கள் அவருக்குப் பின்னால். அவர்களுக்குப் பின்னால் வேலைக்குப் போகாத எல்லோரும். மொட்டுகள் அஜந்தன் கணக்குப் போட்டபடியே விரிந்து, விவகாரம் எதுவும் தெரியாமல் கொத்துக்கொத்தாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"இது சின்ன விசயம் இல்ல," என்றார் வீரய்யா. "அம்மன் சொத்த எச்சில் பண்ணியிருக்கான். இன்னைக்குத் தேரு. இன்னைக்கே பரிகாரம் ஆகணும்."

"என்ன பரிகாரம்?" என்றாள் அம்மா.

"தீ மிதிக்கணும்."

"அவன் வெந்நிக்கே கத்துவானே சாமி," என்றாள் அம்மா.

அஜந்தன் தன் பாதங்களைப் பார்த்தான். பிறகு கீழே பாதையைப் பார்த்தான். தேயிலைக்கு நடுவே வளைந்து வரும் அந்தப் பாதையில், தூரத்தில், வெள்ளை வேன் ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஷுக்ரி முதலாளி வந்து சேருவதற்குள் இந்த வழக்கு முடிய வேண்டும்.

வீரய்யா கற்பூரத்தைக் கொளுத்தி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கற்பூரத்துக்கு முன்னுக்கு உண்மையச் சொல்லு. அம்மன் பூவ மோந்தியா?"

"மோந்தேங்க."

"எத்தன நாளா?"

"காப்புக் கட்டுன மறுநாள்ல இருந்து."

கூட்டம் முணுமுணுத்தது. வேன் ஒரு வளைவில் மறைந்து மறுபடி தெரிந்தது.

"வாசம் எப்படி இருந்துச்சு?" என்றார் வீரய்யா. அது விசாரணைக்காகக் கேட்டதா, ஆசையில் கேட்டதா என்று தெரியவில்லை.

அஜந்தன் மறைத்து வைத்த குறை அதுதான். வெட்டி விற்பதற்கென்றே வளர்த்த இனம். நீளத் தண்டும் நெடுநாள் உயிரும் கொடுத்தவன் வாசத்தைக் கொடுக்காமல் விட்டுவிட்டான். இது முதலாளி காதுக்கும் போகக்கூடாது என்று இத்தனை நாளும் "ஆஹா" போட்டதை, இப்போது எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் எப்படிப் போடுவது? கற்பூரத்துக்கு அப்பால், கோயில் பக்கம், திருவிழாவுக்கு மூட்டிய தீக்குழி வேறு கனன்றுகொண்டிருந்தது.

"வாசமே இல்லீங்க," என்றான்.

"என்னது?"

"இந்தப் பூவுக்கு வாசமே கெடையாதுங்க. சும்மா நடிச்சேன்."

இராக்கம்மா வேலிக்குள் வந்து ஒரு பூவுக்கு மேலே கையால் காற்றை விசிறித் தன் மூக்குப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். மோந்ததாகவும் ஆகாது, தெரியாமலும் இருக்காது. கொண்டையில் இருந்தபோது அவளுக்குத் தேங்காயெண்ணெய் வாசம்தான் வந்திருந்தது. பிறகு அவள் வீரய்யாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

வீரய்யா குனிந்து ஒரு பூவை உற்றுப் பார்த்தார். கற்பூரம் அணைந்தது.

"அப்ப எச்சில் இல்ல," என்றார். "வாசம் இருந்தாத்தானே மோக்கிறதுக்கு? இவன் பூவுக்குப் பக்கத்துல போயி மூச்சு விட்டிருக்கான், அம்புட்டுதான். பரிகாரம் வேணாம்."

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அஜந்தனுக்குக் கால்கள் திரும்பக் கிடைத்தன. நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

"பூ சுத்தமா இருக்கு. வேண்டுதலும் இருக்கு," என்று வீரய்யா பெண்களைப் பார்த்துத் தலையசைத்தார். "எடுங்க."

கொழுந்து மலையில் நல்ல நாளில்கூட அப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. விரல்கள் செடிக்குள் போவதும் வருவதும்தான் தெரிந்தன. அஜந்தன் "தண்டோட, தண்டோடயாவது" என்று ஏதோ சொல்லிப் பார்த்தான். வேன் வந்து நின்றபோது கூடைகள் எல்லாம் இளஞ்சிவப்பு, செடிகள் எல்லாம் பச்சை.

ஷுக்ரி முதலாளி இறங்கினார். கூடைகளைப் பார்த்தார். தடவிப் பார்த்து, "சரியான சாமான்," என்றார். பிறகு மொட்டையாக நின்ற செடிகளைப் பார்த்தார்.

அஜந்தன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "முதலாளி, ஒன்றரை மாசத்துல திரும்பப் பூத்துரும். இந்த இனம் வெட்ட வெட்டப் பூக்கும். அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லி அந்த ஹோட்டல்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"எந்த ஹோட்டல்?" என்றார் ஷுக்ரி முதலாளி.

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட பூசாரி வீரய்யா அவரைக் கண்டு நின்றார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க முதலாளி. தேருக்குன்னு உங்ககிட்ட நாங்க காசு பேசி வச்சோமே ரோசாப்பூ, அது இனி வேணாம். அம்மனே இங்க சும்மா குடுத்துட்டா."