முன்வரிசைத் தண்ணீர்

ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பெல்ஹேவன் ஊருக்கு மே மாத முதல் வாரத்தில் ஒரு கடவுள் கிடைத்தார். பிளாஸ்டிக் கடவுள். தலை கிடையாது, கை கிடையாது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திருகு மூடி. உள்ளே ஓர் ஆள் எடைக்குத் தண்ணீர்.

அவர் அவதரித்த கதை இது. ஊர்க் கேளிக்கைப் பூங்காவில் 'ஏரிக்கழுகு' என்று புதிதாக ஓர் எஃகு ரோலர் கோஸ்டர் கட்டினார்கள். பழைய காலத்து வண்டிபோல் சங்கிலி பிடித்து மெதுவாக மேலே இழுக்கிற வேலை இதில் இல்லை. தண்டவாளத்தில் வரிசையாகப் பதித்த காந்தங்கள் நாலே வினாடியில் வண்டியைத் தொண்ணூறு மைல் வேகத்துக்கு உந்தித் தள்ளும். அந்த வேகத்திலேயே அது இருநூறு அடிக் கோபுரத்தில் செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் விழும். மனிதர்களை ஏற்றுமுன் இருபத்து நான்கு இருக்கைகளிலும் தண்ணீர்ப் பொம்மைகளை உட்காரவைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார்கள். ஆகவே முதல் நாட்களில் வண்டி பாதிக் கோபுரம் ஏறும், நிற்கும், வந்த வழியே சறுக்கிக்கொண்டு திரும்பும். கீழே பிரேக்குகள் பிடித்துக்கொள்ளும். எல்லாம் திட்டப்படியே நடந்தது.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத் திட்டம் எல்லாம் தெரியாது. கோபுரம் வண்டியை ஏற்க மறுக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், சறுக்கி இறங்கிய வண்டியின் நாலாவது வரிசையில் ஒரு பொம்மையின் கழுத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வெயில் பட்டு மின்னியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். பொம்மை அழுகிறது என்று விடிவதற்குள் மூன்று மாவட்டத்துக்குச் செய்தி போய்விட்டது. கண்ணே இல்லாதது எப்படி அழும் என்று எவரும் கேட்கவில்லை.

அந்தப் பொம்மைகளுக்குத் தினமும் காலையில் தண்ணீர் நிரப்பி, மாலையில் திறந்துவிடுவது நோரீன் ஹாவ்லிக்கின் வேலை. ஐம்பத்து நான்கு வயது. கையில் குழாய், காலில் ரப்பர் பூட்ஸ். மூடியில் வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது, அதுதான் ஒழுகுகிறது என்று அவள் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் சிலர்தான். கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான் என்பார்கள். பெல்ஹேவனில் கேப்பை கிடைக்காது. அதனாலென்ன, பிளாஸ்டிக்கில் வடிந்தது.

சனிக்கிழமை காலையில் வேலியோரம் வெள்ளைக் கூடாரம் ஒன்று முளைத்தது. அதனுள்ளே டாக்டர் ராய்ஸ் பிரிட்சர்ட். போன வருஷம்வரை நீச்சல்குளத்துக்குத் தார்ப்பாய் விற்றுக்கொண்டிருந்தவர். எதற்கு டாக்டர், எந்தக் கல்லூரியில் டாக்டர் என்று கேட்பது நாகரிகமில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. பொம்மைக்குள் இருக்கும் தண்ணீர் பூமியின் பிடியை உதறிவிட்டு மேலே போய் வருகிறது, அதனால் அதன் அணுவெல்லாம் விழித்துக்கொள்கிறது, குடித்தால் உடம்பும் விழித்துக்கொள்ளும் என்றார். பூங்காவோடு ஒப்பந்தம் போட்டு அந்தத் தண்ணீரைத் தாம் வாங்கிவருவதாகவும் சொன்னார்.

இருக்கைவாரியாக விலை வைத்தார். நடுவரிசைத் தண்ணீர் பன்னிரண்டு டாலர், பொதுவான சோர்வுக்கு. கடைசி வரிசை இருபது, முதுகுவலிக்கு. முன்வரிசை முப்பது டாலர். அது சர்க்கரை, இதயம், விவாகரத்து மூன்றுக்கும் கேட்கும். கோஸ்டரில் முன்வரிசைக்கு எப்போதும் தனி வரிசை நிற்கும் என்பதால் ஜனங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்தது. டொலீடோவிலிருந்து வந்தார்கள், மிச்சிகன் நம்பர் போட்ட கார்கள் வந்தன. பக்கத்தில் பொரித்த சாஸேஜ் கடை ஒன்றும் எலுமிச்சைச் சாறு கடை ஒன்றும் வந்துவிட்டன. பக்தி இருக்கும் இடத்தில் பசியும் இருக்கும்.

வண்டி இன்னும் உச்சியைத் தாண்டவே இல்லையே என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டாராம். உடம்பு தாண்டவில்லை, தண்ணீரின் மனசு தாண்டிவிட்டது என்று பிரிட்சர்ட் பதில் சொன்னாராம். வாத்தியார் இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

நோரீன் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், புதன்கிழமை வரைக்கும். அன்று கடுகுச் சாஸ் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தபோது, அதன் பின்னால் புருஷனுடைய இன்சுலின் ஊசிகள் பிரிக்காமல் இருந்தன. எண்ணிப் பார்த்தாள். நாலு நாளாகப் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே முன்வரிசைத் தண்ணீர், மூன்று பாட்டில்.

வெர்ன் ஹாவ்லிக் சாதாரண ஆளில்லை. முப்பது வருஷமாக இரும்புக் கட்டுமான வேலை. அந்தக் கோபுரத்தையே தூக்கி நிறுத்திய கோஷ்டியில் அவனும் ஒருத்தன். பிப்ரவரிக் குளிரில் உச்சியில் தொங்கிக்கொண்டு போல்ட் முறுக்கியவன். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இடது காலில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறாமல் இருந்தது.

அவள் கத்தவில்லை. தினமும் சாயங்காலம் பொம்மைத் தண்ணீரைத் தன் கையால் சாக்கடையில் திறந்துவிடுவதாகவும், ஒரு சொட்டுக்கூட அந்தக் கூடாரத்துக்குப் போவதில்லை என்றும் சொன்னாள். அவன் அதற்கும் பதில் வைத்திருந்தான். டாக்டருக்குப் பின்வாசல் வழியாகப் போகிறதாம். குழாய் பிடிக்கிறவளிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்களாம்.

"நான் அந்த உச்சியில நின்னுருக்கேன் நோரீன்," என்றான். "அங்க நின்னா உடம்புல என்னவோ ஓடுது. நீ நின்னதில்ல. உனக்குத் தெரியாது."

"ஏரிக்காத்து ஓடியிருக்கும். ஊசியப் போட்டுக்கய்யா."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைவரை அந்தக் கால் தாங்குமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டாள். இனிமேல் வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை, கண்ணால் காட்டினால்தான் உண்டு என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் வேலையே அவளுக்கு வழி சொன்னது. சோதனைப் பொறுப்பாளர் லைல் ஹென்செல் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வண்டியின் எடை மாறுகிறது, எந்தெந்தப் பொம்மை ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும், அது தெரியாமல் சனிக்கிழமை முழு வேகத்தில் ஓட்ட முடியாது என்றார். தண்ணீரில் சாயம் கலந்தால் ஒழுகின இடம் தெரிந்துவிடும் என்றாள் நோரீன். மார்ச் மாதம் பேட்ரிக் பண்டிகைக்குப் பீரில் கலந்த பச்சைச் சாயம் மதுக்கடைகளில் மிச்சம் இருந்தது. கேக்கில் போடுகிற சாயம்தான், யாருக்கும் கெடுதலில்லை. லைல் பேனாவை எடுத்தார்.

"ஒழுகுற எடத்தக் கண்டுபிடிக்க மட்டும்தானே?"

"ஒழுகுற எல்லா எடத்தையும்," என்றாள்.

அவர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை காலையில் இருபத்து நான்கு பொம்மைகளுக்கும் அவளே சாயம் கலந்து நிரப்பினாள். மூடிகளுக்கெல்லாம் புது வாஷர் போட்டாள்; அதையும் மீறி ஒழுகினால் சாயம் காட்டிக்கொடுக்கும். பொம்மைகள் சாம்பல் நிறம், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது.

அன்றைக்கு வேலியோரம் திருவிழாதான். வண்டி முதல்முறையாக உச்சியைத் தாண்டப்போகிறது என்று ஊருக்கே தெரியும். பிரிட்சர்ட் நாற்காலிமேல் ஏறி நின்று, இதுவரை குடித்தது வெறும் முன்னுரை, இன்று இறங்குவதுதான் உண்மையான மருந்து என்று அறிவித்தார். முன்வரிசை விலை அறுபது டாலர் ஆயிற்று. வெர்ன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்து வரிசையில் மூன்றாவதாக நின்றான்.

விஸ்ஸென்று சத்தம் கேட்டது. வண்டி பாய்ந்தது, செங்குத்தாக ஏறியது, உச்சியில் கொஞ்சம் யோசிப்பதுபோல் மெதுவானது, அந்தப் பக்கம் விழுந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். வண்டி நிலையத்துக்கு வந்து நின்றதும் பிரிட்சர்ட்டின் வேன் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பிப் போயிற்று. பதினைந்து நிமிஷத்தில் இரண்டு பீப்பாயோடு திரும்பியது. இப்போதுதான் பொம்மையிலிருந்து இறக்கியது, இன்னும் துடிக்கிறது என்றார் டாக்டர். பாட்டில்களில் ஊற்றினார். பளிங்கு மாதிரித் தண்ணீர்.

முதல் பாட்டில் கை மாறும்போது நோரீன் தள்ளுவண்டியோடு வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வண்டியில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. பின்னால் லைல் ஹென்செல் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டர், அது எந்த சீட்டுத் தண்ணி?" என்று கேட்டாள்.

"முன்வரிசை, இடது பக்கம், தங்கச்சி," என்றார் பிரிட்சர்ட், சபைக்குக் கேட்கும்படி.

"முன்வரிசை இடது பக்கம் இவருதான்," என்று பொம்மையின் தோளைத் தட்டினாள். "இன்னும் யாரும் இவரு மூடியத் தொறக்கல. லைல் சாட்சி."

மூடியைத் திருகினாள், பொம்மையைச் சாய்த்தாள். பச்சைத் தண்ணீர் கொட்டியது. புல்லில் ஓடியது. மேஜைமேல் இருந்த பளிங்குப் பாட்டில்கள் பளிங்காகவே இருந்தன.

கூட்டம் பாட்டிலையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், பிரிட்சர்ட்டுக்கு இரண்டு வாய் இருந்தது. உச்சியின் சக்தி தண்ணீரின் நிறத்தை எரித்துவிடுகிறது, சாரம் தம்மிடம் வந்துவிட்டது, பொம்மையில் தங்கியது வெறும் கசடு என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் தலையாட்டியது. நோரீன் காலிப் பொம்மையை நிமிர்த்தி வைத்தாள். இதற்குமேல் காட்ட அவளிடம் ஒன்றுமில்லை.

வரிசையிலிருந்து வெர்ன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"டாக்டரே, நெறத்த எரிச்சுருதுங்குறீங்க?"

"ஆமாம்ப்பா. அங்கே எந்த நிறமும் நிலைக்காது."

"நாங்க ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடிச்சதும் அதும்மேல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு போடுவோம். முறுக்கியாச்சுன்னு அடையாளம். அந்த உச்சியில நானே நானூறு கோடு போட்டுருக்கேன், பிப்ரவரி மாசம். போன வாரங்கூட ஏறிப் பாத்தேன், மஞ்சளாத்தான் இருக்கு. மூணு மாசமா எம் பெயிண்டத் தொடாத சக்தி, ரெண்டு செகண்டு மேல போன தண்ணிய மட்டும் எரிச்சுருச்சா?"

பிரிட்சர்ட் பெயிண்டுக்கு நம்பிக்கை போதாது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் வரிசையில் ஐந்தாவதாக நின்ற பெட்ரோல் பங்க்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். அந்த வேன் தினமும் தன்னுடைய கார் கழுவுகிற குழாயில்தான் பீப்பாய் நிரப்பிப் போகிறது, எலுமிச்சைச் சாறு கடைக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். அவர் கையில் காலிப் பாட்டில் இரண்டு இருந்தன. சொந்தக் குழாய்த் தண்ணீரை முந்தின நாட்களில் தலா முப்பது டாலர் கொடுத்து வாங்கிக் குடித்த பாட்டில்கள்.

சிரிப்பு எங்கிருந்தோ ஆரம்பித்தது. திட்டு அதற்கப்புறம் வந்தது. டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு, வேனில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கூடாரத்தை விட்டுவிட்டுப் போனார். நல்ல தார்ப்பாய்.

வெர்ன் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். சாக்ஸைக் கழற்றும்போது நாற்றம் வந்தது. நோரீன் அவனைக் காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூற்றைத் தாண்டியிருந்தது. நாலு நாள் முன்னால் வந்திருந்தால், என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். இவர் நிஜ டாக்டர். வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து நோரீன் வேலைக்குத் திரும்பினாள். சோதனை முடியாததால் பொம்மைகளில் இன்னும் பச்சைத் தண்ணீர்தான். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வேலிக்கு அப்பால் ஒரு பெண்மணி கூப்பிட்டார். டொலீடோவிலிருந்து வருகிறாராம். அந்த ஆள் மோசக்காரன் என்று பேப்பரில் படித்தாராம். ஆனால் இந்தப் பச்சைத் தண்ணீர் நிஜமாகவே உச்சிக்குப் போய் வந்ததுதானே, இது என்ன விலை என்று கேட்டார். குரலில் விளையாட்டே இல்லை.

நோரீன் குழாயை மூடினாள். வேலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏம்மா, ஒரு மனுசன இதுல ஏத்துறதுக்கு முன்னாடி நாங்க ஐந்நூறு தடவ ஓட்டிப் பாக்குறோம். நீங்க வாயில ஊத்துறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, ஏன்னு கேட்டுப் பாருங்க. கேக்குறதுக்குக் காசு கெடையாது. கேக்காம இருந்ததுக்கு எங்க வீட்டுக்காரரு ரெண்டு வெரலக் குடுத்தாரு."