அம்மா சமைத்தால், அம்மா சமைப்பாள்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று சுற்றுலா கம்பெனியில் சொன்னது முழுப் பொய் இல்லை. போனில் ஏழு மாதம் படித்திருந்தேன். "நல்லா தெரியும் சார்" என்றதில் அந்த "நல்லா" மட்டும்தான் பொய். (புதுச்சேரியில் பிரெஞ்சு பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, ஸ்பானிஷ் என்றால் போட்டி இருக்காது என்று நினைத்தேன்.)

வேலை நிரந்தரமாகுமா என்பது முதல் குழுவைப் பொறுத்தது. ஸ்பெயினிலிருந்து எட்டு பேர் வந்தார்கள். அந்த வாரம்தான் புதிய இலக்கணம் ஒன்று படித்திருந்தேன். நடக்காததை, நடந்தால் எப்படியிருக்கும் என்று சொல்லும் வினைவடிவம். ஒழுங்கான வினைச்சொற்களுக்கு வழி சுலபம். 'சமைத்தார்கள்' என்பதற்கு 'கொசினாரோன்'. மீனுக்கு வாலை நறுக்குவதுபோல 'ரோன்'ஐ நறுக்கிவிட்டு 'ர' ஒட்டினால் 'கொசினார'. முன்னால் 'சீ' போட்டால் 'சமைத்தால்' ஆகிவிடும். (நாம் முகம் சுளித்துச் சொல்லும் அதே 'சீ'தான்.) பேசு, சாப்பிடு, வாழ் என்று கண்ணில் பட்ட வினையையெல்லாம் நறுக்கித் தள்ளினேன்.

சனிக்கிழமை காலை கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். குழுவில் மூத்தவரான மார்த்தா அம்மா, "இங்கே நல்ல மீன் சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்டார். விடுவேனா? "எங்க அம்மா உங்களுக்குச் சமைத்தால், அப்புறம் எந்த ஓட்டலுக்கும் போகமாட்டீர்கள்" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எட்டு பேரும் கை தட்டினார்கள். என் இலக்கணத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து, மீதியைச் சொல்லாமல் தலை குனிந்து வணங்கினேன். வீடு எங்கே என்றார்கள். வைத்திக்குப்பம், நீல கேட் போட்ட வீடு என்றேன். எத்தனை மணிக்கு என்றார்கள். அம்மா சாப்பாடு போடும் நேரத்தைக் கேட்கிறார்கள் என்று "ஒரு மணி" என்றேன்.

ஒரு மணிக்கு வீட்டு வாசலில் மூன்று ஆட்டோக்கள் வந்து நின்றன. மார்த்தா அம்மா கையில் பூங்கொத்து.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னாடி இது? யாருடி இவங்கள்லாம்?"

"சாப்பிட வந்திருக்காங்கம்மா."

"யாரு கூப்ட்டது?"

"நான்தான் போல."

இதற்குமேல் ஓர் இடி. அது புரட்டாசி சனிக்கிழமை. வாரம் முழுக்க மீன் விற்கிற என் அம்மா, அன்று மட்டும் வீட்டுக்குள் மீன் வாசனைகூட விடமாட்டாள். அடுப்பில் இருந்தது ரசமும் முட்டைக்கோஸ் பொரியலும்.

"நிக்க வெச்சிகினே இருப்பியா? உள்ள கூப்புடு. பக்கத்து வீட்ல தட்டு வாங்கியா" என்றாள் அம்மா. இன்னொரு உலை ஏறியது. அப்பளம் பொரிந்தது. அந்த நேரத்தில் அப்பா வந்தார். கூடத்தில் எட்டு வெள்ளைக்காரர்கள் சம்மணம் போட்டிருப்பதைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

மார்த்தா அம்மா தட்டைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்த படகுகளைப் பார்த்தார். "மீன்?"

"இன்று மீன் இல்லை. கடவுள்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் வந்தது.

ரசத்தில் ஒருவருக்குப் புரையேறிக் கண்ணில் நீர் வழிந்தது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கை கழுவும்போது மார்த்தா அம்மாதான் விளக்கினார். நடுவில் அழுத்தி 'கொசினார' என்றால் 'சமைத்தால்'. கடைசியில் அழுத்தி 'கொசினரா' என்றால் 'சமைப்பாள்'. அந்தச் 'சீ'யும் 'ஆமாம்' ஆகிவிடும். ஆக, நான் சொன்னது: "ஆமாம், எங்க அம்மா உங்களுக்குச் சமைப்பாள்."

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "வேலை உனக்குத்தாம்மா. ஆனா கொஞ்ச நாளைக்கு நிகழ்காலத்துல மட்டும் பேசு" என்றார்.

ஸ்பானிஷ் இப்போது உண்மையிலேயே நல்லா தெரியும். ஆனால் வீட்டில் தமிழிலேயே மரியாதை போய்விட்டது. "சாயந்தரம் ஃப்ரெண்ட்ஸ் வந்தா..." என்று நான் வாயெடுத்தால் போதும், அம்மா அரிசிப் படியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"வந்தாவா, வராங்களாடி? அழுத்திச் சொல்லு."