நாலு ஜீப்புக்கு ஒரு காது

வியாழக்கிழமை காலை அழகம்மாள் போனில் முதல் ஜீப்பின் படத்தைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அழுத்தோ அழுத்தென்று அழுத்திப் பார்த்துவிட்டு நான்காவதைத் தொட்டதும் போன் ‘டிங்’ என்றது. சீட்டு விழுந்துவிட்டது.

"இந்த ஒண்ணுக்குத்தான் காது கேக்குது" என்று சொல்லிவிட்டு, வாழைத்தாரோடு அந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார். அடுத்தடுத்து வந்தவர்களும் அதே ஜீப்பில் ஏற, வண்டி நிரம்பி வத்தலக்குண்டுக்குக் கிளம்பிப் போனது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

ஸ்டீவனுக்கு மட்டும் அந்தக் காலைக் குளிரிலும் வியர்த்தது.

பண்ணைக்காடு ஜீப் ஸ்டாண்டுக்காக அவன் செய்த செயலி அது. திரையில் நாலு ஜீப் படங்கள், தொட்டால் சீட்டு. கிளம்ப வேண்டிய டர்ன் வண்டி கடைசிப் படமாக இருக்கும். அது போனதும் அடுத்த வண்டி அந்த இடத்துக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிரைவர்கள் கூடி, இது வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார்கள். வேண்டுமென்றால், ஸ்டாண்டுத் தலைவர் மனுவேல் தன் மகள் ஜெனியை ஸ்டீவனுக்குக் கொடுப்பது பற்றிப் பேசுவார். வேண்டாமென்றால் ஸ்டீவன் பெங்களூர் பஸ்ஸைப் பார்த்துப் போய்ச் சேரலாம். இதை மனுவேல் நேருக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஸ்டீவன் அறைக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தான். தொடுவதைக் கேட்கும் பகுதி, அதாவது செயலியின் காது, ஜெனி எழுதியது. கொடைக்கானலில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் அவள், "இத மட்டும் நான் எழுதுறேனே" என்று கேட்டு வாங்கி எழுதியிருந்தாள். ஒரே ஒரு காதைச் செய்து, அதையே நாலு படத்திலும் வரிசையாக மாட்டியிருந்தாள். ஒரு காது ஒரு படத்தில்தான் தங்கும். அடுத்ததில் மாட்டினால் முந்தையதிலிருந்து கழன்றுவிடும். அதனால் கடைசிப் படத்துக்கு மட்டும் கேட்டது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான்.

அவனுக்கு அவள்மேல் கோபமே வரவில்லை, பாசம்தான் பொங்கியது. அவள் காதுக்கு எட்டாமல் சரிசெய்துவிடுவதென்று முடிவு செய்து, நாலு படத்துக்கும் தனித்தனிக் காது வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை எந்தப் படத்தைத் தொட்டாலும் ‘டிங்’ என்றது. ஆளுக்கொரு ஜீப்பைத் தொட்டு, ஆளுக்கொரு ஜீப்பில் ஏறினார்கள். நாலு ஜீப்பிலும் பாதிப் பாதி ஆட்கள். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

"வண்டிய எடுங்கண்ணே" என்றான் ஸ்டீவன்.

"நெறையாம எடுக்கிறதில்ல தம்பி, ஸ்டாண்டு வழக்கம்" என்றார் டிரைவர் அய்யனார்.

"அப்ப எல்லாரும் எறங்கி ஒரே வண்டியில ஏறுங்க."

"அதெப்படி? எனக்கு இதுலதான சீட்டு விழுந்திருக்கு?" என்றார் அழகம்மாள். "இங்கயே நின்னு சந்தை முடிஞ்சுபோச்சுன்னா இந்தத் தாரை நீங்களே வாங்கிக்கங்க."

மனுவேல் மெதுவாக வந்து நின்றார். "ஏன் தம்பி, நீ எழுதுனதுல கோளாறா, எம்மக எழுதுனதுலயா?"

"என் தப்புதான் அங்கிள்" என்றான் ஸ்டீவன் பட்டென்று.

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மாலை, தனித்தனிக் காதுகளைப் பிடுங்கிவிட்டு, நாலு படங்களையும் சுற்றியிருந்த பெரிய கட்டத்துக்கு ஒரே காதாக வைத்தான். எங்கே தொட்டாலும் கேட்கும். எந்த ஜீப்புக்குச் சீட்டு என்பதை உள்ளே பிரித்துக்கொள்ளலாம் என்பது திட்டம். பிரிக்கும் வரியை எழுத மறந்துவிட்டான்.

சனிக்கிழமை ஒருவர் ஒருமுறை தொட்டால் நாலு ஜீப்பிலும் சீட்டு விழுந்தது. பத்துப் பேர் தொட்டதுமே, போன் கணக்கில் நாலு ஜீப்பும் நிரம்பிவிட்டன. டிரைவர்கள் போனைப் பார்த்தார்கள், சாவியைத் திருகினார்கள், ஒரு ஆளைக்கூட ஏற்றாமல் வரிசையாக மலையிறங்கிப் போனார்கள். ரோட்டோரத்தில் ஜனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அண்ணே, வண்டி காலியா இருக்கே" என்று ஸ்டீவன் கூடவே ஓடினான்.

"போன்ல நெறஞ்சிருக்கே தம்பி. போன் சொன்னா கெளம்பணும்ல?" என்றார் அய்யனார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மனுவேல் மறுபடி வந்தார். "இது யாரு தப்பு?"

"என்னுதுதான் அங்கிள். ஜெனி இதுல கையே வைக்கல."

"ம்" என்றார் மனுவேல். அந்த ‘ம்’மில் பெங்களூர் பஸ்ஸின் ஹாரன் சத்தம் கேட்டது.

ஞாயிறு விடிந்தபோது ஸ்டீவனிடம் தெம்பும் இல்லை, யோசனையும் இல்லை. தான் எழுதியதை முழுசாக அழித்துவிட்டு, ஜெனி எழுதியதை அப்படியே திரும்பப் போட்டான். தோற்பதுதான் தோற்கிறோம், அவள் எழுத்தோடு தோற்போம் என்று ஒரு வீம்பு.

பூசை முடிந்து ஜனம் ஸ்டாண்டுக்கு வந்தது. எத்தனை படத்தைத் தொட்டாலும் கடைசிப் படம் மட்டும்தான் ‘டிங்’ என்றது. எல்லாரும் அதிலேயே ஏறினார்கள். நிரம்பியது, கிளம்பியது. அடுத்த வண்டி கடைசி இடத்துக்கு இறங்கியது. அதுவும் நிரம்பியது, கிளம்பியது. தள்ளுமுள்ளு இல்லை, டர்ன் சண்டை இல்லை. ஸ்டீவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். வண்டி ஒவ்வொன்றாக நிரம்பிக் கிளம்புவதுதானே இந்த ஸ்டாண்டின் வழக்கம். அந்த ஒற்றைக் காது அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

"இதான்யா வேணும்" என்று மீதமிருந்த டிரைவர்கள் கை தூக்கினார்கள். அழகம்மாளும் சேர்ந்து தூக்கினார். அவருக்கு ஓட்டு உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

மனுவேல் ஸ்டீவனின் தோளில் கை போட்டார். "ஜெயிச்சுட்ட தம்பி."

எவ்வளவு சந்தோஷம் வந்ததோ அவ்வளவு கூச்சமும் வந்தது ஸ்டீவனுக்கு. "நான் எங்க ஜெயிச்சேன்? கெடுத்ததெல்லாம் நான். இப்ப ஓடுறது ஜெனி எழுதுனது, ஒரு எழுத்துகூட மாத்தல."

"அப்ப இனிமே அங்கிள்னு கூப்பிடாத" என்றார் மனுவேல். "மாமான்னு கூப்பிடு."

ஸ்டாண்டே கை தட்டியது. ஸ்டீவன், "மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான், நன்றாகவே இருந்தது.

அய்யனார் தன் ஜீப்பைக் கடைசி இடத்துக்கு நகர்த்திக்கொண்டே தலையை வெளியே நீட்டினார். "ஜெனி எழுதுனதுதான் சரின்னு எங்களுக்கு வியாழக்கெழமையே தெரியும் மாப்ள. ‘டர்ன் வண்டிக்கு மட்டும் சீட்டு விழுற மாதிரி வேணும்னேதான் எழுதிருக்கேன், அவரு அதத் தப்புன்னு நெனச்சுத் திருத்தக் கெளம்புவாரு, யாரும் வாயத் தொறக்காதீங்க, பழிய எம்மேல போடுறாரா தானே சொமக்குறாரான்னு பாக்கணும்’னு ஜெனிதான் எங்ககிட்டச் சொல்லிட்டுப் போச்சு."