மூன்றாம் வரிசை மாமியார்

நேற்றுத் தின்ற சிப்பி ஒத்துக்கொள்ளாமல் நாடகத்தின் கதாநாயக நடிகர் ப்ரெஸ்டன் ஹேல் வாந்தி எடுக்கிறார் என்று தெரிந்ததும், வால்ட் ரைலி செய்த முதல் காரியம் ஸ்க்ராண்டனில் இருக்கும் மாமியாருக்குப் போன் போட்டுக் கத்தியதுதான்.

“அத்தை, இன்னிக்கு மத்தியான ஆட்டத்துல நான்தான் கதாநாயகன்!”

“யாரு, நீயா? அஞ்சு வருஷமா உள்ள உக்காந்து சீட்டுதானே ஆடிட்டிருக்கே?” என்றாள் ஜெரால்டின்.

அடுத்தவன் வயிற்றுவலியில் மகிழ்வது பாவம்தான். ஆனால் மாற்று நடிகன் பிழைப்பே அப்படி. அந்த பிராட்வே நாடகத்தின் வசனம் முழுக்க வால்ட்டுக்குத் தலைகீழ்ப் பாடம். என்ன செய்ய, அவன் மேடை ஏற வேண்டுமானால் ஹேல் படுக்க வேண்டும். அந்த மனுஷனோ ஐந்து வருஷமாகத் தும்மக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை ஜெரால்டின் வந்து பார்த்துவிட்டால் போதும், ‘உருப்படாத மாப்பிள்ளை’ என்ற பட்டம் ஒழியும்.

“வரேன். ஆனா அச்சுல போட்டிருந்தாத்தான் நம்புவேன்” என்று பஸ் ஏறினாள் மாமியார்.

பன்னிரண்டு மணிக்கு ஹேல் ரோஜாப்பூ மாதிரி வந்து நின்றார்.

“இஞ்சி சோடா குடிச்சேன் குவின், வயிறு சரியாப்போச்சு!”

நாடகக்காரர்களுக்கு வால்ட்டின் பேர் செபாஸ்டியன் குவின். நடிகர் சங்கத்தில் ஒரே பேரில் இருவர் இருக்கக்கூடாது. வேறொரு வால்ட் ரைலி முந்திக்கொண்டுவிட்டார்.

“ஐயையோ சார்! மாமியார் பஸ்ஸுல வந்துட்டிருக்காங்க!”

மூன்று கல்யாணம் செய்தவர் ஹேல். மாமியார் என்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சரிப்பா, எனக்கு மறுபடி வயித்துவலி. ஆனா என் நாயை ஒரு மாசம் நீதான் நடக்கக் கூட்டிட்டுப் போகணும்.”

“ஒரு மாசம் என்ன சார், ஆயுசுக்கும்!”

அடுத்தது மேடை நிர்வாகி மார்சி. “பிரிண்டர் படுத்துடுச்சு. ஆள் மாத்தினதை மைக்குல சொல்லிடறேன், அச்சடிச்ச சீட்டு வேணாம்.”

“அத்தைக்குக் காது மந்தம் மார்சி! அச்சுல பாத்தாத்தான் நம்புவாங்க!”

“அப்ப நீயே அடிச்சுட்டு வா.”

மழையில் அச்சுக்கடைக்கு ஓடினான். கொட்டை எழுத்தில் அச்சடித்தான். சீட்டில் தன் பேரைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது. அத்தைக்கு ஒதுக்கிய மூன்றாம் வரிசை இருக்கையில் இரண்டு சீட்டு வைத்தான், ஒன்று தொலைந்தாலும் இருக்கட்டுமென்று.

ஹேலின் கால்சட்டை வால்ட்டின் தொப்பைக்கு மசியவில்லை. ஊக்கு குத்திக்கொண்டிருக்கும்போதே அரங்கில் ஒரே கூச்சல்.

“யாரோ ஒரு பொம்பளை, உன்னை மேடையேத்தக் கூடாதுன்னு சண்டை போடுறா” என்றாள் மார்சி.

“ஹேல் ரசிகையா இருக்கும். கடவுளே, அத்தை முன்னாடியா என் மானம் போகணும்!”

அந்த ரோஷம்தான் அவனை நடிக்க வைத்தது. மேடை விளக்கில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன? மூன்றாம் வரிசை இருக்கும் திசையைப் பார்த்தே அழுதான், கெஞ்சினான், காதலித்தான். ஊக்கு குத்திய இடத்தில் வசனம் இன்னும் உருக்கமாக வந்தது. திரை விழும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறைவில் நின்ற ஹேலுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

முகப்பூச்சோடு வாசலுக்கு ஓடினான் வால்ட். ஜெரால்டினைக் காணோம். டிக்கெட் கிழிக்கும் ஒடெல் மட்டும் குடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மூணாவது வரிசையில ஒரு வயசான அம்மா… எப்படி ரசிச்சாங்க?”

“அந்தம்மாவா? சீட்டைப் படிச்சதுமே, ‘எங்க வால்ட் மாதிரி நடிகன் இந்த ஊர்லயே கிடையாது, அவனை உள்ள உக்கார வெச்சுட்டு எவனோ குவினை மேடையேத்தறீங்களா, அவன் மூஞ்சியை நான் பாக்கமாட்டேன்’னு கத்திட்டு, அப்பவே ஊருக்கு பஸ் ஏறிட்டாங்களே தம்பி!”